மாஸ்டர் பக்கத்து இடம்

லிஃப்ட் மெக்கானிக் மலையேறுவது என்று முடிவு செய்தார். மனிதர்களைப் படியேற விடாமல் செய்வதையே தொழிலாகக் கொண்டு இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். தன் வீடு இருக்கும் முதல் மாடிக்கே லிஃப்டில்தான் போவார். அப்படிப்பட்டவரை மலைக்குக் கிளப்பியது பக்தியும் இல்லை, உடம்பைப் பற்றிய கவலையும் இல்லை. பொறாமை. கலப்படமே இல்லாத பொறாமை.

காரணம் மாஸ்டர். நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுப்பவர். விடுமுறை நாட்களில் ஒரு கூட்டத்தை மலைக்கு நடத்திக்கொண்டு போகிறவர். மெக்கானிக்கின் மனைவி மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள். அன்றிலிருந்து வீட்டில் மாஸ்டர் புராணம்தான். மாஸ்டர் சொன்னார், தண்ணீரை உட்கார்ந்துதான் குடிக்க வேண்டுமாம். மாஸ்டர் சொன்னார், மூச்சை மூக்கால்தான் விட வேண்டுமாம்.

"இத்தனை நாள் நான் என்ன காதாலயா விட்டேன்?" என்றார் மெக்கானிக்.

"நீங்க குறட்டையால விட்டீங்க."

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அப்போதுதான் ஊரில் புதுப் பாலம் திறந்தார்கள்.

"ராத்திரி எட்டரைக்கு ஆத்தங்கரையில வாணவேடிக்கை. நாங்க பதினாலு பேர் மலைமேல ஏறிப் பார்க்கப்போறோம்," என்றாள் மனைவி.

"இருட்டுலயா?"

"வாணவேடிக்கையை வெயில்லயா விடுவாங்க?"

"மாஸ்டரும் வர்றாரா?"

"அவர்தானே கூட்டிட்டுப் போறார்."

இருட்டு, மலை உச்சி, வானம் முழுக்க வெளிச்சம், பக்கத்தில் மாஸ்டர். நினைக்கும்போதே மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது.

"நானும் வரேன்."

மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். ஊசிக்குப் பயந்தவர்கள் போனில் சொல்லும் சாக்குகளை நாளொன்றுக்கு முப்பதாவது கேட்பவள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாராளமா வாங்க," என்றாள்.

அடிவாரத்தில் மாஸ்டர் நின்றார். ஆறடி. கழுத்தில் விசில். தொப்பை என்ற பேச்சுக்கே இடமில்லை. மெக்கானிக் தன்னுடையதை உள்ளே இழுத்துப் பார்த்தார், அது வரவில்லை.

"மொத்தம் ஒன்பது வளைவு. ஒருத்தர் பின்னால ஒருத்தர். யாருக்காவது முடியலைன்னா இன்னொருத்தர் கூடவே உட்காரணும், தனியா விடமாட்டோம். புது ஆள் கடைசியில வரட்டும்," என்றார் மாஸ்டர்.

ஆக, முதலில் மாஸ்டர். அவருக்குப் பின்னால் மனைவி. கடைசியில் மெக்கானிக். அவருக்கு முன்னால் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், எழுபது வயது, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மெக்கானிக்கிடம் பாடுவதற்கு மூச்சு இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் மேலே இரண்டு டார்ச் வெளிச்சம் ஒட்டிக்கொண்டு போனது. மனைவியின் சிரிப்பு கீழே வந்து விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவர் எத்தனை ஜோக் சொல்லியிருப்பார். ஒன்றுக்காவது அவள் அப்படிச் சிரித்திருப்பாளா?

இனிப் பொறுக்க முடியாது. மாஸ்டர் சொன்ன விதியையே மாஸ்டர் தலையில் கட்டுவோம். தனக்கு முடியவில்லை என்றால் கூட உட்காரப்போவது யார்? கட்டிய மனைவிதானே. நாலாவது வளைவில், ஒரு பெரிய பாறைக்குப் பின்னால், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சேதி வரிசையில் மேலே போயிற்று. மாஸ்டரும் மனைவியும் இறங்கி வந்தார்கள்.

"எந்தக் கால்?" என்றாள் மனைவி.

"வலது."

"பிடிச்சிருக்கிறது இடது."

"வலி அங்கயும் இங்கயும் ஓடுது. நீ என்கூட உட்காரு. மத்தவங்க போகட்டும்."

"நான் உட்கார்ந்து என்ன பண்ண? முதலுதவி தெரிஞ்சவர் மாஸ்டர்தான். அவர் இருக்கட்டும்."

"அப்ப இவங்களை யாரு கூட்டிட்டுப் போறது?"

"நான்."

"உனக்கு வழி தெரியுமா?"

"ஏழு தடவை ஏறியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னேன். நீங்க டிவியைப் பார்த்துக்கிட்டே 'ம்'னீங்க."

"இரு, இப்ப வலி கொஞ்சம் பரவாயில்ல..."

"சுளுக்கு அவ்வளவு சீக்கிரம் போகாதுங்க. அசையாதீங்க."

மாஸ்டர் விசிலைக் கழற்றிக் கொடுத்தார். அவள் ஊதினாள். பன்னிரண்டு டார்ச்சுகள் அவள் பின்னால் ஏறிப்போயின. மாஸ்டர் உட்கார்ந்து, மெக்கானிக்கின் இரண்டு கால்களுக்கும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கட்டுப் போட்டார்.

எட்டரைக்கு வேட்டுச் சத்தம் கேட்டது. பாறை ஓரம் சிவந்தது, பிறகு பச்சையானது. அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. உச்சியிலிருந்து எல்லாரும் "ஓ" என்றார்கள். அதில் மனைவியின் குரல்தான் பெரிதாக இருந்தது. வேடிக்கை பார்க்கும்போது மாஸ்டர் அவள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று மெக்கானிக் விரும்பினார். இல்லைதான். இவர் பக்கத்தில் இருந்தார்.

மாஸ்டர் பையிலிருந்து ஃபிளாஸ்க்கையும் இரண்டு டம்ளரையும் எடுத்தார்.

"டீ குடிங்க சார். உங்களுக்குச் சர்க்கரை போடலை. அக்கா சொன்னாங்க."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டுக்காரம்மாதான்."

அந்த ஒரு சொல்லில் மூன்று மாத எரிச்சலில் பாதி அணைந்துபோயிற்று. மீதிப் பாதி சந்தேகமாக மாறியது.

"எப்பச் சொன்னாங்க?"

"முந்தாநாளே. வரிசையை ஒரு தடவை நடத்தணும்னு ரெண்டு மாசமாக் கேட்டுட்டிருந்தாங்க. நான் இருக்கிறப்ப எப்படிங்கன்னேன். 'இந்தத் தடவை ஒரு ஆள் வருவார், பாதியில உட்காருவார், நீங்க டீ மட்டும் ரெண்டு பேருக்கு எடுத்துக்குங்க'ன்னாங்க."

மெக்கானிக் டீயைக் குடித்தார். 

"ஆனா அக்காவுக்கு உங்கமேல ரொம்ப நம்பிக்கை சார்," என்று மாஸ்டர் ஆறுதலாகச் சொன்னார். "ஆறாவது வளைவு வரைக்கும் வருவீங்கன்னாங்க. இது நாலு."