மூலைக்கடையில் ஒரு துண்டு

செங்கல்பட்டில் வராத கடைகளையெல்லாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் துண்டுக்காரர்தான். அவர் வருமென்று சொன்ன கடை வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவர் என் நைனா. ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி, வெளியூர்க்காரர்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். துண்டு கிடந்தால் எங்கள் ஊரில் அந்த சீட்டில் கலெக்டர்கூட உட்கார மாட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அம்மாவும் நானும் இட்லி விற்ற புளியமரத்தை வெட்டிவிட்டு, இடத்துக்குச் சொந்தக்காரரான ராவுத்தர் வரிசையாகக் கடைகள் கட்டினார். கூரை போடும் முன்பே நைனா கடைகளை ஒதுக்கிவிட்டார்.

"மொத ரூமு பட்டுப்பொடவ. ரெண்டாவது கிராமபோனு. மூலைல மெட்ராஸ் ஓட்டலு. சுத்தி நெலக்கண்ணாடி, ஐஸ்கிரீமு!"

"நம்ம அடுப்புக்கு எடம் எங்கய்யா? ராவுத்தராண்ட போயி கேக்க வாயி இல்ல, ஐஸ்கிரீமு வாணுமா?" என்றாள் அம்மா.

"சும்மா கெட. பெரிய மனுசங்க வர்ற எடம்."

பட்டுப்புடவைக்குப் பதில் மண்ணெண்ணெய் வந்தது. கிராமபோன் வரவேண்டிய அறையில் புண்ணாக்கு வந்தது. நைனா அசரவில்லை. "பாட்டு கேட்டா மாடு நெறைய கறக்கும். கிராமபோனும் பின்னாலயே வரும் பாரு."

மூலைக்கடை மட்டும் பாக்கி. அதன் நடுத்தரையில் நைனா துண்டைப் போட்டுவிட்டார். மகாபலிபுரத்திலிருந்து பிரியாணிக் கடை வைக்க ஒருவர் வந்தார். எட்டிப் பார்த்தார். "ஆளு கீறாங்க போல" என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். சோடாக் கம்பெனிக்காரரும் அப்படியே.

"யோவ், ஒன் மெட்ராஸ்காரன் எப்பய்யா வருவான்?" என்று ராவுத்தர் கத்துவார். கண்ணாடி வைத்த ஓட்டல் ஆசை அவரையும் விடவில்லை.

"கெளம்பிட்டாங்க பாய். வந்துகினே கீறாங்க."

நாங்கள் சாக்கடையோரம் அடுப்பு வைத்தோம். போலீஸ்காரர் துரத்துவார். இடம் மாற்றி மூட்டினால் அங்கேயும் துரத்துவார். நைனா வந்து நாலு இட்லி தின்றுவிட்டு நிலைக்கண்ணாடியைப் பற்றிப் பேசுவார்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார். அதையாவது முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கருமாதி முடிந்ததும் ராவுத்தர் கூப்பிட்டனுப்பினார். "ஒங்கப்பன் துண்ட நீயே எட்த்துக்கம்மா. நான் தொட மாட்டேன்."

எடுத்தேன். அடியில், தரையில், கரியால் போட்ட ஒரு வட்டம். சுற்றிலும் அடுப்புக்கல் வைக்க மூன்று கட்டம். வட்டம் எங்கள் இட்லிக் குண்டான் அளவு. ஒரு பக்கம் நசுங்கியிருக்குமே, அந்த நசுங்கல்கூட அப்படியே இருந்தது. யாருக்கும் தெரியாமல் குண்டானைத் தூக்கி வந்து கவிழ்த்து வரைந்திருக்கிறார். கேட்கத்தான் வாயில்லை.

ராவுத்தர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப அந்த மெட்ராஸ் ஓட்டலு?"

"வந்துட்டோம் பாய்."

"ஐஸ்கிரீமு உண்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டே சாவியை நீட்டினார்.

இப்போது கடையில் பெஞ்சின் ஓரத்தில் அந்தத் துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன். கூட்டத்தில் யாராவது கேட்பார்கள், "இங்க ஆளு கீதா?"

"கீது" என்பேன்.