எருமைக்கு வந்த இணைய யோகம்

ஒரகடம் கூட்டுரோட்டில், பஞ்சர் கடைக்கு மேல்மாடியில், இணைய சித்தர் தணிகாசலம் அருள்பாலித்துக்கொண்டிருந்தார். 2009ஆம் வருஷம். பேய் ஓட்டுவது பழைய தொழில். குறி சொல்வதில் போட்டி அதிகம். ஆகவே சித்தர் புதிய துறையில் இறங்கிவிட்டார். வெப்சைட்டுகளைப் பிடித்த தோஷத்தை நீக்குவதே அவர் அவதார நோக்கம்.

விஷயம் இதுதான். இணையத்தில் ஒரு பெரிய பட்டியல் இருந்தது. உலகத்து நல்ல வெப்சைட்டுகளைத் தொழில் வாரியாக, ஊர் வாரியாகப் பிரித்து வைத்திருக்கும். அதில் சேர்ப்பது எந்திரம் அல்ல, மனிதர்கள். சம்பளம் வாங்காத எடிட்டர்கள் ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்த்து, தகுதி இருந்தால் சேர்ப்பார்கள்; இல்லையென்றால் வாயே திறக்கமாட்டார்கள். எவனோ வாய் திறக்காத இடத்தில் ஒரு சாமியார் முளைக்காவிட்டால் அது நம் நாடா?

அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கம்பெனி மேனேஜர்கள் வீடு தேடி வருவார்களாம். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. மரப்பெட்டி அடிக்கிறவர், கேன்டீன் காண்ட்ராக்டர், வேன் முதலாளி எல்லாரும் தட்டும் பழமுமாக மாடிப்படியில் வரிசை கட்டினார்கள். கவர் தடித்தவர்களுக்குச் சித்தர் திரையிலேயே பெயரைக் காட்டி அனுப்பினார்.

வடக்குப்பட்டு ராஜாமணியும் அந்த வரிசையில் நின்றார். நிலம் விற்ற காசில், ஃபேக்டரிக்கு வரும் பெண்களுக்காக ஹாஸ்டல் கட்டியவர். பாதி அறைகள் காலி. அந்தக் கவலையில் ஒரு வெப்சைட் போட்டுப் பட்டியலுக்கு அனுப்பினார். பதில் இல்லை.

சித்தர் மவுஸின்மேல் எலுமிச்சம்பழம் வைத்து, மானிட்டருக்குக் கற்பூரம் காட்டினார்.

"உன் கேசைப் பாக்குற எடிட்டரு அயர்லாந்துல கீறாரு. கன்னி ராசி. சனி புடிச்சிகினு விடல."

பரிகாரங்கள் வந்தன. வெப்சைட்டைத் திறந்ததும் மந்திரம் பாட வேண்டும். நான்கு மூலையிலும் விளக்கு சுழல வேண்டும். தினமும் காலையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, தளத்தை மறுபடி அனுப்ப வேண்டும். ராஜாமணி ஒன்றுவிடாமல் செய்தார். அயர்லாந்து அசையவில்லை. கடைசியாகச் சித்தர் கண்டுபிடித்தார்: ராஜாமணியின் மோடம் அக்னி மூலையில் இருக்கிறது, சுவருக்கு அந்தப்பக்கம் ஹாஸ்டலின் குளியலறை. நெருப்பும் தண்ணீரும் மோதினால் எடிட்டர் கண் எப்படித் திறக்கும்?

மறுநாள் ராஜாமணி கடப்பாரையோடு வந்தபோது, ஷிஃப்ட் முடிந்து வந்த முத்துச்செல்வி வாளியோடு நின்றாள். விளாத்திகுளம் பக்கத்துப் பெண். அந்த ஹாஸ்டலில் குடியிருப்பவள்.

"என்ன அண்ணாச்சி, கடப்பாரையும் கையுமா வாரிய?"

"பாத்ரூமை இடிக்கணும்மா. எடிட்டரு கண்ணத் தொறக்கணும்."

"எதுக்கு, அவரு இங்க குளிக்க வாராரா?"

ராஜாமணி பக்தியோடு விளக்கினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏன் சேக்கலன்னு அந்த எடிட்டர்ட்டயே கேட்டியளா?"

"சித்தரு மனசால பேசிகினு கீறாரே."

"மனசு எதுக்கு? மெயில் போட்டுக் கேக்க வேண்டியதுதான? இதை இடிச்சா நாங்க எல்லாரும் தண்டலத்துல ரூம் பாத்துப் போயிருவோம், பாத்துக்கிடுங்க."

ராஜாமணி அதிர்ந்துபோனார். கடப்பாரை கீழே இறங்கியது. இடிப்பதற்காக மோடத்தை ஏற்கெனவே கழற்றியிருந்ததால், இருவரும் பிரவுசிங் சென்டருக்குப் போய் எடிட்டருக்கு ஒரு மெயில் அனுப்பினார்கள். திரும்பும் வழியில் முத்துச்செல்வி சொன்னாள்: "பதில் வாரதுக்குள்ள சித்தருக்கு ஒரு பரீட்சை வைப்போம்."

"ஐயையோ! நம்ப குடும்பம் வெளங்காதும்மா."

"குடும்பத்தை இழுக்க வேண்டாம். ஒங்க எருமை பேர்ல வைப்போம்."

எருமையின் பெயர் மண்ணாங்கட்டி. கொம்பு உண்டு, கோபம் உண்டு. வெப்சைட் மட்டும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, தட்டில் பழமும் பழத்தடியில் தடித்த கவருமாகச் சித்தர் முன் போய் நின்றார்கள். கவருக்குள் கத்தரித்த செய்தித்தாள்; காரியம் முடியுமுன் சித்தர் கவரைப் பிரிப்பதில்லை.

"மண்ணாங்கட்டி எண்டர்பிரைசஸ், சாமி. பால் பிசினஸ். வெப்சைட்டு இன்னும் பட்டியல்ல ஏறல" என்றாள் முத்துச்செல்வி.

சித்தர் கவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். "ஞானக்கண்ணுல வெப்சைட்டு தெரியுது. பச்சைக் கலரு. சூப்பர் டிசைன். ஆனா முதலாளிக்குக் கோவம் ஜாஸ்தி."

"ஆமா சாமி, முட்டும்" என்று ராஜாமணி உளறினார். நல்லவேளை, சித்தர் ஆட்டிய மணியோசையில் அது அமுங்கிவிட்டது.

"முதலாளிக்கு வெளிநாட்டு யோகம் கீது. அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் கூட்டம் நெரிந்தது. சித்தர் திரையை மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார். பட்டியலின் பக்கம். நடுவில் பளிச்சென்று, மண்ணாங்கட்டி எண்டர்பிரைசஸ்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அதுமேல அமுக்குங்க சாமி. தளம் தொறக்கட்டும்" என்றாள் முத்துச்செல்வி.

"ஒரு மண்டலம் தொடக்கூடாது! வேற கம்ப்யூட்டர்லயும் பாக்கக்கூடாது! கண்ணு பட்டா எடிட்டரு அழிச்சிடுவாரு."

அவள் எட்டி அமுக்கினாள். அப்படி ஒரு தளம் இல்லை என்றது திரை.

"எப்படி இருக்கும்? முதலாளி கீழதான் நிக்காரு. வந்து பாருங்க."

எல்லாரும் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார்கள். பஞ்சர் கடை வாசலில் மாலையும் கழுத்துமாக மண்ணாங்கட்டி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சித்தர் அசரவில்லை. "எருமைக்கும் ஆத்மா உண்டு!"

"எருமைக்கே வாங்கிக் குடுத்துட்டாரே, இன்னா பவரு!" என்று கேன்டீன் காண்ட்ராக்டர் உருகினார். இப்படிப்பட்டவர்களை நம்பித்தானே சித்தர்கள் கடை திறக்கிறார்கள்!

ராஜாமணிக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது. "யோவ், எருமைக்கு வெப்சைட்டே கெடையாதுய்யா! எங்கூட வாங்க, பிரவுசிங் சென்டர்ல பாப்போம்!"

கூட்டம் எதிர்க்கடைக்குப் பாய்ந்தது. அங்கே திறந்த நிஜப் பட்டியலில் எருமையும் இல்லை, மரப்பெட்டியும் இல்லை, வேனும் இல்லை, உருகிய காண்ட்ராக்டரும் இல்லை. பட்டியலின் பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தடித்த கவர் தந்தவர் பெயரைச் சித்தரே அதில் தட்டியிருக்கிறார். அவ்வளவுதான் அற்புதம். கூட்டம் திரும்பி வந்தபோது மாடியில் பட்டுத்துணி மட்டும் கிடந்தது. கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு பின்படி வழியாக ஞானி மறைந்துவிட்டார்.

இரண்டொரு நாளில் எடிட்டரின் பதில் வந்தது. முத்துச்செல்வி வாசித்துச் சொன்னாள்: "ஒங்க தளத்துல பாட்டு இருக்கு, விளக்கு இருக்கு. ஹாஸ்டல் எங்க இருக்குன்னு மட்டும் இல்லைங்காரு. அதோட, தினமும் அனுப்ப அனுப்ப வரிசையில கடைசிக்குப் போயிருவியளாம்."

ராஜாமணி தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ என்னைத் தள்ளிகினு இருந்தது சனியில்ல. நானேதான்."

பாட்டை நீக்கினார், முகவரியைச் சேர்த்தார், அறைகளின் படம் போட்டார். பட்டியலில் இடம் கிடைத்தது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஸ்ரீபெரும்புதூரில் ஈமெயில் சாமியார் ஒருவர் வந்திருக்கிறாராம், வேனில் ஏறிவிட்டார்கள். போகிற அன்பர்களே, வண்டி கிளம்புமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். யோசிப்பதற்கு ராகு காலம், எமகண்டம் எதுவும் கிடையாது.