மகள் ஆர்க்கிடெக்ட், மைத்துனன் கான்ட்ராக்டர், நடுவில் நான்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணா அவர்களுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கு நாங்கள் எல்லோரும் நலம். இந்த வரியை மனசாட்சிக்கு விரோதமில்லாமல் எழுதிப் பல மாதங்கள் ஆகின்றன. அங்கு உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் குறைந்துவிடும், சேதி அப்படிப்பட்டது: வீடு முடிந்துவிட்டது அண்ணா! இன்று காலை கையெழுத்தும் ஆகிவிட்டது! வேலை நிறைவாக முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவள் என் மகள், சாவியைக் கொடுத்தவன் என் மைத்துனன், வாங்கிக்கொண்டவன் நான், மூன்று பேரும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறோம். இதில் எது பெரிய அதிசயம் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டும், சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன்.

"ஆர்க்கிடெக்டும் உன் வீட்லயே இருக்கா, கான்ட்ராக்டரும் உன் மச்சினன்தான், உனக்கென்னடா குறைச்சல், பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி" என்று போனில் சொன்னவர் தாங்கள்தான். பழம் நழுவியது உண்மை, பாலில் விழுந்ததும் உண்மை. ஆனால் பால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை நாம் இருவருமே கவனிக்கவில்லை.

மகள் வேலையை விட்டுச் சொந்தமாக அலுவலகம் தொடங்கி எடுத்த முதல் வேலை எங்கள் வீடு. கட்ட ஒப்புக்கொண்டவனோ உங்கள் தம்பி மனைவியின் கூடப் பிறந்த தம்பி. ஒப்பந்தத்தில் நானும் அவனும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இனி என்ன, எல்லாம் நம் வீட்டு வேலை என்று சிரித்துக்கொண்டிருந்தோம். மகள் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரச் சொன்னாள்.

"அப்பா, கவனமாக் கேளுங்க. வீட்டுக்குள்ள நான் உங்க மக. சைட்டுக்குள்ள நீங்க உரிமையாளர், மாமா ஒப்பந்தக்காரர், நான் நடுவுல. எதையாவது மாத்தணும்னா என்கிட்ட சொல்லுங்க. நான் எழுத்துல குடுத்தாத்தான் மாமா செய்யணும். நீங்க நேரா யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"ஒரு வார்த்தை கூடவா?"

"வணக்கம் சொல்லலாம்."

தணிக்கைத் துறையில் காலமெல்லாம் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? இருந்தாலும் மகள் பேச்சைத் தட்டக் கூடாது என்று, அஸ்திவாரம் தோண்டும்போது வணக்கம் சொன்னேன், தூண் எழும்பும்போது வணக்கம் சொன்னேன், சிமென்ட் மூட்டை இறக்கியவர்களுக்கும் சொன்னேன். கடைசியில் வேலைக்காரர்கள் எனக்கு 'வணக்கம் ஐயா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பொறுமைக்கும் எல்லை உண்டல்லவா? மகள் வேறொரு வேலையாக வெளியூர் போயிருந்தாள். கூடத்துச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது, ஜன்னலுக்கு இடம் விட்டிருந்தார்கள், நான் அங்கே நின்று தெருவைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை அண்ணா, எனக்கு நானே கேட்டுக்கொண்டேன், கொஞ்சம் சத்தமாகக் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்: "இந்த ஜன்னல் இப்படிக் கொஞ்சம் தள்ளி இருந்தா, முனையில பஸ் திரும்புறது தெரியுமே?"

பெரிய மேஸ்திரிக்குப் பாம்புச் செவி. 'வீட்டுக்காரர் சொல்லிட்டார்' என்று அவர் மைத்துனனிடம் சொல்ல, அத்தான் வாயைத் திறந்து கேட்ட முதல் ஆசையாயிற்றே என்று அவன் உருகிப்போய் ஜன்னலைத் தள்ளிவிட்டான். தள்ளிய இடம் மாடிப்படி தொடங்க வேண்டிய இடம். ஜன்னலை மறைத்தா படி கட்டுவது என்று படியைத் திருப்பிவிட்டான். திரும்பிய படி, பலகை அடித்துக் கான்கிரீட்டும் போட்ட பிறகு பார்த்தால், சமையலறை வாசலுக்கு நேர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இனி சமையலறைக்குள் போக வேண்டுமானால் உங்கள் தம்பி மனைவி குனிந்துதான் போக வேண்டும். கல்யாணமான நாள் முதல் அவள் யாருக்கும் குனிந்ததில்லை என்பது தாங்கள் அறிந்ததே.

மகள் ஊரிலிருந்து வந்து நேராக சைட்டுக்குப் போனாள். "இதை யார் மாத்தச் சொன்னது?" என்றாள். மேஸ்திரி மைத்துனனைப் பார்த்தார், மைத்துனன் என்னைப் பார்த்தான், நான் மேலே பார்த்தேன். கூரை இன்னும் போடாததால் வானம் நன்றாகத் தெரிந்தது.

அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். "அத்தான் ஆசைப்பட்டார், செஞ்சேன். அக்கா புருஷன் கேட்டா இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றான் மைத்துனன். மகள் குரலை உயர்த்தவே இல்லை. "மாமா, என் எழுத்து இல்லாம செஞ்சிருக்கீங்க. படியையும் ஜன்னலையும் இடிச்சுட்டு வரைபடத்துல இருக்கிற மாதிரி கட்டுங்க. அதுக்கு ஆகிற நாளை ஒப்பந்தக் கெடுவுக்கு மேல கூடுதலாக் கேட்க முடியாது. உரிமையாளர் நேரா உத்தரவு குடுத்ததும் தப்புதான். இனிமே நான் கூட இல்லாம அவர் சைட்டுக்குள்ள வரக் கூடாது." உரிமையாளர் யார் என்று திரும்பிப் பார்த்தேன் அண்ணா, பிறகுதான் அது நான் என்று உறைத்தது.

மைத்துனனுக்கு முகம் சிவந்துவிட்டது. "தோள்ல தூக்கி வளர்த்த பொண்ணு, எனக்கே சட்டம் பேசுது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான், ஆட்களும் பின்னாலேயே போனார்கள், மறுநாள் சைட்டில் மணல் குவியல் மேல் ஒரு நாய் மட்டும் வேலையில் இருந்தது. உங்கள் தம்பி மனைவி, தம்பியை வம்பில் மாட்டிவிட்டதற்காக என்னோடும், மகளை முறைத்ததற்காகத் தம்பியோடும், மாமனை மாமனாக நடத்தாததற்காக மகளோடும் பேச்சை நிறுத்தினாள். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி மட்டும்தான் எல்லோரோடும் பேசியது. இதற்கு நடுவில் மகள் ஒரு குண்டு போட்டாள்: காரணமில்லாமல் வேலை நின்றால் முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டுமாம், அதற்கும் அசையாவிட்டால் கான்ட்ராக்டரை நான் விலக்கலாமாம். "உன் மாமனையா? உங்கம்மா என்னை விலக்கிடுவாளே!" என்றேன்.

அன்று சாயங்காலம் அவளைக் காணோம் என்று தேடிப் போனேன். இடிக்க வேண்டிய அந்தப் படியின் உச்சியில், அதற்கு மேல் போக இடமில்லாத இடத்தில், தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. தெருவில் நின்றபடியே கேட்டேன் (உள்ளே போக அனுமதி இல்லையே): "கொஞ்சம் விட்டுக் குடுத்தா என்னம்மா? நான் உன் அப்பா, அவன் உன் மாமா."

"அதனாலதான்ப்பா முடியாது. மாமா பக்கம் சொன்னா நீங்க நம்புவீங்களா? உங்க பக்கம் சொன்னா மாமா நம்புவாரா? இப்ப ரெண்டு பேருக்குமே என்மேல கோவம். அப்படின்னா சரியாத்தான் சொல்லியிருக்கேன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா முதல் வேலையே நின்னு போச்சுன்னா, அடுத்த வேலை யார்ப்பா குடுப்பாங்க?"

பழக்க தோஷத்தில், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனிதான் அண்ணா விஷயமே! அறிவிப்பு அனுப்ப வேண்டிய நாள் காலையில், நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, மைத்துனன் புயல்போல உள்ளே வந்தான். கையில் வரைபடச் சுருள். இத்தனை நாளும் மனிதன் சும்மா இருக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாக மகளின் வரைபடத்தில் தப்புத் தேடியிருக்கிறான், தேடியவனுக்குக் கிடைத்தும் விட்டது! தட்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு தாள்களை விரித்தான்.

"பாரும்மா. மாடி பாத்ரூம் கதவு. இந்தத் தாள்ல உள்பக்கம் திறக்குது. அந்தத் தாள்ல வெளிப்பக்கம் திறக்குது. நான் வெளிப்பக்கம்னு நம்பி நிலையும் கதவும் செஞ்சு வச்சிருக்கேன். அப்படி மாட்டினா, மாடிப்படி ஏறி வர்றவன் நெத்தியில இடிக்கும். இப்ப சொல்லு, இது யார் தப்பு?"

சமையலறையிலிருந்து கரண்டியோடு உங்கள் தம்பி மனைவி வந்து நின்றாள். மகள் குனிந்து இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குப் பதைப்பு தாங்கவில்லை. "அச்சுப் பிழைன்னு சொல்லிடும்மா" என்று காதோடு சொன்னேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"தப்பு என்னோடதுதான் மாமா. கதவு உள்பக்கம்தான் திறக்கணும். திருத்தின தாளை இன்னிக்கே எழுத்துல தர்றேன். புதுக் கதவு வர்ற வரைக்கும் ஆகிற நாள் உங்களுக்குக் கூடுதலா உண்டு. அதையும் எழுதித் தர்றேன்."

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவனுக்கு எதிராளி உட்கார்ந்துவிட்டால் எப்படி இருக்கும்! வாய் திறந்தபடி நின்றான். "ஒத்துக்கிட்டியா?"

"தப்புன்னா தப்புதானே, மாமா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அப்போ அந்தப் படி விஷயத்துல நீ சொன்னதும்…"

"அதுவும் இதே மாதிரிதான். ஆளைப் பாத்துச் சொல்லலை."

அவன் மெல்லத் தலையைத் தூக்கி, "அக்கா, டீ இருக்கா?" என்றான். உங்கள் தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவ்வளவுதான் அண்ணா, போர் முடிந்தது! மறுநாள் சைட்டில் முன்பைவிட அதிக ஆட்கள். படியை இடித்த சத்தம் எனக்கு மேளச் சத்தம்போல இருந்தது.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. கடைசிப் பரிசோதனைக்கு மகள் என்னையும் கூட்டிப் போனாள். குறை தெரிந்த இடத்தில் எல்லாம் சிவப்புக் காகிதம் ஒட்ட வேண்டும் என்று என் கையில் ஒரு காகிதக் கட்டும் கொடுத்தாள். நரிக்கு நாட்டாண்மை கொடுத்த மாதிரிதான்! சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. மைத்துனன் அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சரி செய்தான். மகள் அவனோடு மறுபடி சுற்றி வந்து, வெறும் கூடத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போட்டாள். பேனா மூடியை மூடியதும் மைத்துனன் அவள் தலையில் கை வைத்து, "இவகிட்ட வேலை செஞ்சது ராணுவத்துல இருந்துட்டு வந்த மாதிரி இருக்கு. அடுத்த வேலையும் எனக்கே குடுக்கச் சொல்லுங்க அத்தான்" என்றான். நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே அண்ணா, வரும் வெள்ளிக்கிழமை குடி போகிறோம். நீங்களும் அண்ணியும் அவசியம் வந்து மாடி அறையில் ஒரு மாதமாவது தங்க வேண்டும், உங்களுக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறேன். கட்டட வேலைக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை. செங்கல்லைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடப்பேன், இது சத்தியம். இனி உங்களோடு உட்கார்ந்து பழங்கதை பேசுவதைத் தவிர எனக்கு வேறு வேலையே கிடையாது.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பக்கத்து மனைக்காரர் வந்துவிட்டார். நம் வீட்டைச் சுற்றிப் பார்த்து அசந்துபோய், அதே ஆர்க்கிடெக்ட், அதே கான்ட்ராக்டரை வைத்துத் தானும் கட்டப் போகிறாராம். தான் விடுமுறை முடிந்து வெளிநாடு திரும்புவதால் உரிமையாளர் தரப்பில் நின்று பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான பெரியவர் வேண்டுமாம். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன். மகள் விஷயம் கேட்டதிலிருந்து அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டிருக்கிறாள், மைத்துனன் போனை எடுக்கவில்லை. மாடி அறையை அலுவலகமாக்கிவிட்டபடியால் நீங்கள் கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும். வரும்போது நல்ல அளவு நாடா ஒன்று வாங்கி வரவும். என்னுடையதை மகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.