உங்க பேர்ல ஒரு டிரம் தண்ணி

அன்பும் மரியாதையும் கலந்து என் வீட்டுக்காரருக்கு எழுதிக்கொள்வது. இங்கு நான், நம் சின்னவள், மாமா மூவரும் சுகம். சுகம் என்பதில் குளியலைச் சேர்க்கவில்லை. அங்கு தாங்களும், தங்கள் கப்பலும், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் தங்கள் மெஷினும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டிக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தங்களுக்கு எது சௌகரியமோ அதையே செய்யவும். இங்கு ஒரு குறையும் இல்லை, தண்ணீரைத் தவிர. தெருக்குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்பது அந்தக் குழாய்க்கே தெரியாது. கப்பல் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் தயாரித்துக் கொடுப்பவர் வீட்டுக் குழாய் காற்றைத் துப்புகிறது.

ஆகவே தண்ணீர் இலாகாவை மாமா எடுத்துக்கொண்டார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் விசிலை மட்டும் திருப்பித் தரவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்து கொஞ்சம் அசந்தால் முதுகுக்குப் பின்னால் விசில். கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் குறைவாகப் பிடிக்கட்டும் என்று ஒரு பாட்டிலில் மண்ணை நிரப்பி உள்ளே இறக்கினார், அது சரிந்து மிதவையில் மாட்டிக்கொண்டது, நாங்கள் சின்னவளின் பள்ளிக்கூட விழாவுக்குப் போய்விட்டு வருவதற்குள் மேல்தொட்டித் தண்ணீர் முழுவதும் கழிப்பறை வழியாகவே போய்ச் சேர்ந்தது. அரை வாளி மிச்சம் பிடிக்கப் போய் அண்டாவையே கவிழ்த்த கதை. அதுக்கப்புறமாவது சும்மா இருந்தாரா? வாஷிங் மெஷின் பைப்பை நீட்டி, போன லீவுல நீங்க நட்டுட்டுப் போனீங்களே எலுமிச்சை, அதும் தலையில கொண்டுபோய் விட்டுட்டார். செடி முழுக்க நுரை. மாடிவீட்டுத் தையல்கார அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, செடிக்கு ஷேவிங் பண்ணிவிடறீங்களா?"ன்னு கேட்டாங்க. அந்த நுரையைக் கழுவ நல்ல தண்ணி ரெண்டு வாளி செலவு. அக்கா பாவம் பார்த்து ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொடுத்தாங்க, வேரடியில போட்டா ஈரம் காயாதாம். இப்போ உங்க எலுமிச்சை ஊர்ப்பட்ட ரவிக்கைத் துணியைச் சுத்திக்கிட்டு, புடவை எடுக்க மறந்த கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது. சின்னவளைக் குளிப்பாட்டறதும் அதுக்குப் பக்கத்துல டப்புல நிக்கவெச்சுதான், அந்தத் தண்ணி அப்படியே செடிக்குப் போகுது. "நான் அழுக்கா இல்லேன்னாலும் செடிக்காகக் குளிக்கணுமாம்மா?"ன்னு கேக்கறா.

இதெல்லாம் சிரிப்பா எழுதறேன். ஒண்ணு மட்டும் சிரிப்பு வரலை. பின்பக்கம் ஒரு நீல டிரம், மூடி போட்டுக் கயிறு கட்டி வெச்சிருக்கார் மாமா. தண்ணி பழசானா எலுமிச்சைக்கு ஊத்திட்டு மறுபடி நிரப்புவார், மத்தபடி ஒரு சொம்பு எடுக்க விடமாட்டார். போன வாரம் சின்னவ தலையெல்லாம் சோப்போட நிக்கறா, தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லை. கண்ணு எரியுதுன்னு கத்தறா. நான் கயித்தை அவுத்துட்டேன். மாமா வந்து நின்னார். விசில் ஊதலை. மெதுவா, "அது அவனுக்கும்மா"ன்னார்.

"அவரு தண்ணி மெஷின்லயே இருக்கறவர் மாமா, அவருக்கா தண்ணிக்குப் பஞ்சம்?"

"அங்க எவ்வளவு எடுத்தாலும் அது கப்பலுக்கு. இது அவனுக்கு. வந்து இறங்கற அன்னைக்குக் குழாய் வறண்டு கிடந்தா என்ன பண்றது? ஆசைதீரக் குளிக்கட்டும்."

நான் மறுபடியும் கயித்தைக் கட்டிட்டேன். குடிக்கற தண்ணியில புள்ளை தலையைக் கழுவினேன்.

நீங்க ஷேவிங் பண்றப்போ குழாயைத் திறந்துவிட்டுட்டுப் பாடுவீங்க, நான் சமையல்கட்டுலேருந்து கத்துவேன், ஞாபகம் இருக்கா? அந்தச் சத்தம் கேக்கணும் போல இருந்தது. கதவைச் சாத்திக்கிட்டு உங்க குழாயைத் திறந்து பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். வெளியே விசில் வந்துடுச்சு.

மற்றபடி உடம்பைக் கவனித்துக்கொள்ளவும். மாமாவின் ஆசிகளும், சின்னவளின் முத்தங்களும், எலுமிச்சையில் புதிதாக வந்திருக்கும் மொட்டுகளின் சேதியும் இத்துடன் வருகின்றன. எல்லாம் தங்கள் சௌகரியம்போல.

இப்படிக்கு,
தங்களை அவசரப்படுத்தாத மனைவி

பி.கு.: உறையை ஒட்டறதுக்குள்ள இன்னொண்ணு. இன்னைக்குத் தெருக்குழாயில தண்ணி வந்தது. கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டுட்டு, இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்தவ மறந்தே போயிட்டேன். தொட்டி நிரம்பி, முற்றம் வழிஞ்சு, கேட்டைத் தாண்டித் தெருவோட போகுது. இந்த மாசம் பூரா சேர்த்ததுக்கு மேலயே போயிருக்கும். மாமா ஓடிவந்து வால்வை மூடினார். திட்டப் போறார்னு நின்னேன். அவர் கேட்டுல சாஞ்சுக்கிட்டு, "போகட்டும்மா. எப்படிப் போனாலும் கடலுக்குத்தானே போகுது"ன்னு சொல்லிட்டு, தண்ணி போற திசையையே பார்த்துக்கிட்டு நிக்கறார். கூப்பிட்டாலும் திரும்பலை. எனக்கு அதுக்கு மேல தாங்கலை. சௌகரியம்போலன்னு மேலே எழுதினதெல்லாம் பொய். கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க.