லாரி வளர்க்கும் மனிதர்

ஆடு வளர்ப்பவர்கள் உண்டு, புறா வளர்ப்பவர்கள் உண்டு, ஒன்றுக்கும் வழியில்லாவிட்டால் மீசையாவது வளர்ப்பவர்கள் உண்டு. சண்டை முடிந்து பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு போனதும் நம் தென்னாற்காடு ஜில்லாவில் புதிதாக ஒரு ரகம் தலையெடுத்திருக்கிறது. இவர் பட்டாளத்து லாரி வளர்ப்பவர். லாரி வைத்திருப்பவர் வேறு, வளர்ப்பவர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். வைத்திருப்பவர் மூட்டை ஏற்றுவார், வாடகை வாங்குவார், போலீஸ்காரரைக் கண்டால் சலாம் போடுவார். வளர்ப்பவருக்கு இதெல்லாம் கேவலம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மூக்கு நுனியைப் பாருங்கள். அங்கே கறுப்பாக ஒரு பொட்டு கிரீஸ் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும், கருமாதிக்குப் போனாலும் இருக்கும்.

விழுப்புரத்தில் இந்த ரகத்தில் ஒருவரையும், பாண்டிச்சேரிச் சாலையில் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அசல் சரக்கு எங்கள் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. என் அடுத்த வீடு. பெயர் மாசிலாமணி. மல்லாட்டை மண்டி (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை) வைத்திருக்கிறார்; அதாவது வைத்திருந்தார், இப்போது மண்டி தானாக நடந்துகொண்டிருக்கிறது. சென்னைப் பக்கம் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூட்டை கட்டச் சணல் கயிறு வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர், ஆறு சக்கரத்தோடு திரும்பி வந்தார். கயிறும் வந்தது. லாரியைக் கட்டி இழுத்து வந்த கயிறு.

வந்த அன்று லாரி பச்சையாக இருந்தது. கதவில் ஒரு ஓட்டை. "பர்மாவுல குண்டு பாஞ்ச எடம்" என்று தெருவையே கூட்டிக் காட்டினார். மறு மாதம் அந்தக் குண்டு எகிப்தில் பாய்ந்திருந்தது. பொங்கலுக்குள் அது ஜெர்மன்காரன் கைக்குண்டாகிவிட்டது. ஏலத்துக்கு முன் நம்பர்ச் சீட்டைத் தொங்கவிட யாரோ ஆணியடித்த ஓட்டை அது என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அப்புறம் கொஞ்ச காலம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பிறகு அபிவிருத்தி ஆரம்பமாயிற்று. வாங்கும்போது ஓடாத லாரியை ஓட வைப்பதுதான் வேலை என்று நீங்கள் நினைப்பீர்கள். அது பாமரர் நினைப்பு. வளர்ப்பவர் முதலில் பச்சையைச் சுரண்டி நீலம் அடிப்பார். நீலம் காய்ந்ததும் அது வானத்து நீலமாக இல்லை, சலவைக்காரி நீலமாக இருக்கிறது என்று அதையும் சுரண்டுவார். அப்புறம் தரைப் பலகை மட்டம் என்று வீட்டு ஊஞ்சலைக் கழற்றி அந்தத் தேக்குப் பலகையை லாரிக்குள் போடுவார். அப்புறம் பின்னால் வருவது தெரியவில்லை என்று பெண்டாட்டியின் அலமாரிக் கண்ணாடியைப் பெயர்த்துக் கதவோரம் மாட்டுவார். பின்னால் என்ன வரப்போகிறது? நின்றுகொண்டிருக்கிற வண்டிக்குப் பின்னால் கோழிதான் வரும். மாசிலாமணியின் மனைவி கோவிந்தம்மாள் இப்போது தலைவாரிப் பொட்டு வைக்க வேண்டுமானால் லாரிக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். கல்யாணச் சீராக வந்த பித்தளைத் தவலை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. அவளுடைய அரக்குப் பட்டுப் புடவை பானெட் துடைக்கிறது. சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அந்த வீட்டில் லாரி ஒன்றுதான்.

மூட்டை மட்டும் ஏற்றக் கூடாது. மண்டிச் சரக்கு முழுவதும் எங்கள் தெரு வண்டிக்காரர் விருத்தாசலத்தின் கட்டைவண்டியில்தான் போகிறது. "ஏன் மாசிலாமணி, லாரி சும்மாதானே நிற்கிறது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது.

"மல்லாட்டையிலே மண்ணு இருக்குதுங்க. பெயிண்டு இன்னா ஆவறது?"

லாரி அத்தி பூத்தாற்போல் வெளியே கிளம்பும் நாளில், உதிரிச் சாமானும் பெட்ரோல் டின்னும் ஏற்றிக்கொண்டு அதே கட்டைவண்டி பின்னால் போகும். பாதி வழியில் முன்னால் போகும். இந்த லாரியில் ஏறிப் போனவர்களைவிட இதைத் தள்ளிப் போனவர்கள்தான் ஊரில் அதிகம். அடுத்த வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு என் வலது தோள் இன்னும் வலிக்கிறது.

இந்த ரகத்துக்கு இரண்டு குணங்கள் முக்கியம். ஒன்று, காது. ஊரில் எந்தச் சத்தம் கேட்டாலும் அது லாரியிலிருந்துதான் வருகிறது என்று இவருக்குத் தோன்றும். எதிர்வீட்டுக் கிழவர் காலமாகி, பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தபோது, துக்கம் கேட்கப் போன மாசிலாமணி நடுவில் கையைத் தூக்கி, "கொஞ்சம் இருங்க, டைனமோ கத்துது" என்றார். இன்னொன்று, படுக்கை. எந்த நேரமும் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். இடுப்புக்குக் கீழேதான் வெளியுலகத்துக்குத் தெரியும். திண்டிவனத்தில் பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிடக் காலைத்தான் அடையாளம் தெரியும். ஒலக்கூரிலிருந்து சரக்கு விலை பேச வருகிறவர்கள் பாதத்தைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வெற்றிலை பாக்கோடு முழங்கால் மேல் வைத்துவிட்டு, "குடும்பத்தோட வந்துடுங்க" என்று கட்டைவிரலிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும்: "தோ, ஆயிடுச்சி."

கூடவே ஒரு சீடரும் இருப்பார். மாசிலாமணிக்கு வாய்த்தவர் ராயப்பன். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் என்று சொல்லிக்கொள்கிறார். சமையல் கொட்டகையில் இருந்தார் என்று அவர் மனைவி சொல்கிறாள். இவர் கழற்றுவார், அவர் மாட்டுவார். மீதி விழும் திருகாணிகளை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"மொதலாளி, இதெல்லாம் கம்பெனிக்காரன் அதிகமா போட்டதுங்க."

இதுவரைக்கும் சிரிக்கிற விஷயம். இனிமேல் பவுனு வருகிறாள்.

பவுனு மாசிலாமணியின் ஒரே தங்கை. விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தைக்கு முதலில் நாள் பார்த்தபோது லாரிக்குப் பெயிண்ட் காயவில்லை. இரண்டாம் முறை டயர் வரவில்லை. "லாரியிலதான் வந்து எறங்குவேன், ஜல்தி என்னாத்துக்கு?" என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். தெருவில் கூட விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம் தோடும் லோலாக்குமாகத் திரிய, பவுனுவின் மகள் வெறுங்காதோடு வளர்ந்துகொண்டிருந்தாள். பவுனுவின் மாமியார் குப்பம்மாள் சும்மா இருப்பாளா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க மருமவளுக்குப் பொறந்த வூட்டுல ஒரு லாரி இருக்குது, அண்ணன் இருக்கறாரான்னுதான் தெரியல" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சோறு போடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாது.

மூன்றாம் முறை பவுனுவே நேரில் வந்தாள். வழக்கம்போல் கால்தான் தெரிந்தது.

"அண்ணா, எங்கூட்டுக் கொலசாமிக்குப் பெருமுக்கல் மலையடியில பந்தல் போடறோம். ராவு காலத்துக்கு முன்ன குத்தணும். இந்த வாட்டியும் நீ வரலன்னா, எங்கூட்டுக்காரரோட பங்காளி மடியில ஒக்கார வெச்சிடுவேன். அப்புறம் எனக்குப் பொறந்த வூடு இல்ல, ஒனக்குத் தங்கச்சி இல்ல."

"தோ, ஆயிடுச்சி பவுனு" என்றது லாரி.

காதுகுத்து நாளன்று காலையில் லாரி கிளம்பியது. நம்புங்கள், கிளம்பியது. நான், ராயப்பன், தெருவிலிருந்த இன்னும் சிலர் தள்ளினோம். மஞ்சளும் குங்குமமும் பட்டால் பலகை கறையாகுமென்று சீர்த்தட்டுகளையும் கோவிந்தம்மாளையும் விருத்தாசலத்தின் கட்டைவண்டியில் ஏற்றிவிட்டு, மாசிலாமணி சரிகை வேட்டியோடு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். மரக்காணம் சாலையில் ஊதல் காற்றும் நீல லாரியும் போன அழகைச் சொல்லத்தான் வேண்டும். நானே கொஞ்சம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். மலை தெரிந்தது. பந்தல் தெரிந்தது. பந்தலில் நின்ற பவுனு எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கியதும் தெரிந்தது.

அங்கே லாரி நின்றது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

மாசிலாமணி காதைச் சாய்த்தார். "சத்தம் மாறிடுச்சி ராயப்பா" என்றார். அடுத்த நிமிஷம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுபடியும் இரண்டு கால்கள்.

கட்டைவண்டி ஆடி அசைந்து வந்து எங்களைத் தாண்டியது. கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, தோ பந்தலு. எறங்கி நாலு எட்டு நடந்தா ஆச்சி."

"இன்னாடி பேசற? லாரியில வந்து எறங்கறேன்னு சொல்லிப்புட்டு, நடந்து போவறதா? அந்தக் குப்பம்மா சிரிக்க மாட்டா?"

"இப்ப மட்டும் அழுவறாளா?" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தம்மாள் வண்டியை ஓட்டச் சொன்னாள்.

நேரம் போயிற்று. கார்பரேட்டர் கீழே வந்தது. அதன் வயிறு பிரிந்தது. நான் குனிந்து, "மாசிலாமணி, உங்கள் தங்கை பார்த்துக்கொண்டே நிற்கிறாள்" என்றேன். "தோ, ஆயிடுச்சி" என்றார். பந்தலில் மேளம் நின்றுவிட்டது. பங்காளி ஒருவர் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு மனைப்பலகை பக்கம் நகர்வதை இங்கிருந்தே பார்த்தேன். நாளைக்கு இந்த மனுஷன் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வரும்போது அவருக்குத் தங்கை இருக்கமாட்டாள். அது அவருக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது, அதுதான் இந்த ரகத்தின் விசேஷம்.

அப்போது பவுனு பந்தலைவிட்டு வெளியே வந்தாள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை இடுப்பில். அவளுக்குப் பின்னால் ஊசியும் கையுமாக ஆசாரி, ஆசாரிக்குப் பின்னால் சீர்த்தட்டோடு கோவிந்தம்மாள், அதற்குப் பின்னால் குப்பம்மாள், என்ன செய்வதென்று தெரியாமல் மேளக்காரர்கள். கடலைக்கொல்லை வரப்பு மேலேயே நேராக நடந்து லாரியிடம் வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை இறக்கி, நீட்டிக் கிடந்த அந்தத் தொடைகளின் மேல் உட்காரவைத்தாள்.

"அடி ஆத்தே! மாமன் மூஞ்சே தெரியலியேடி!" என்றாள் குப்பம்மாள்.

"மூஞ்சியிலயா அத்தே ஒக்கார வெக்கறோம்? மடி இருக்குது, போதும். குத்துங்க ஆசாரி."

குப்பம்மாள் நகர்ந்து ஆசாரிக்கு வழிவிட்டாள். ஆசாரி மண்ணில் குந்தினார். லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ராயப்பா, எம்மேல எதுக்குடா ஜாக்கிய வெச்ச?"

ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கைகள் கிளம்பின.

"என்னாடா சத்தம் அது? பேரிங்கு போயிடுச்சா?"

பவுனு குனிந்து சொன்னாள். "பேரிங்கு இல்லண்ணா. ஒன் மருமவ."

ஸ்பேனர் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கை வெளியே வந்தது. முழங்கை வரைக்கும் கிரீஸ். தடவித் தடவி, குழந்தையின் கொலுசுக் காலைக் கண்டுபிடித்து மெதுவாகப் பற்றிக்கொண்டது. "அழாதம்மா, அழாத" என்று அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. மாசிலாமணிக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று இத்தனை வருஷம் பக்கத்து வீட்டிலிருந்தும் எனக்குத் தெரியாது. பவுனு சிரித்தாளா, அழுதாளா, சொல்லத் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கும் கண் கலங்கியிருந்தது.

இன்னொரு காதும் குத்தியாக வேண்டுமே? ஆசாரி ஊசியை எடுத்தார். கை உள்ளே போய்விட்டது. "அந்தப் பன்னெண்டாம் நெம்பர் ஸ்பேனர் எங்கடா?" என்று குரல் கேட்டது. திருந்திவிடுவார் என்று நினைத்தீர்களா?

எங்கள் தாலுகாவில் காலில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட குழந்தை இது ஒன்றுதான். அதன் பாதத்திலிருந்த கிரீஸ் கறுப்பு போக ஒரு வாரம் சிகைக்காய் தேய்த்தார்களாம்.

நல்லது. நீங்கள் வெகுநேரமாக ஒரு கேள்வியை அடக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது. அன்று லாரி கிளம்பிற்றா, பழுது கார்பரேட்டரிலா, பம்ப்பிலா, அடைத்துக்கொண்டது தூசா, துருவா என்றுதானே? முதல் வரியிலிருந்து ஒரு குழந்தையைப் பற்றி, சரி, பாதியிலிருந்து ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறேன். வெறுங்காதோடு வளர்ந்தது, மொட்டையடித்துக்கொண்டது, பந்தலில் காத்திருந்தது, அழுதது. அதன் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

பழுது என்னவென்று தெரிந்தவர் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்லமாட்டேன். போவதற்குமுன் உங்கள் மூக்கு நுனியை ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள்.