விளக்கை ஊதும் வேலை

வேலை சின்னதாக இருந்தால் சொதப்ப மாட்டோம் என்று நினைப்பது தப்பு. எனக்குக் கொடுத்தது ஒரே வேலை. ஒரு அகல் விளக்கை ஊதி அணைக்க வேண்டும்.

எழுபதுகளில் கிரிவலம் போகும் செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் பீட்டர் என்ற வெள்ளைக்காரர் குடியிருந்தார். நம்ம ஊர்ப் பேச்சு நன்றாக வரும். மரப்பொம்மைகளைத் தானே செதுக்கி, அவற்றுக்கென்றே ஒரு சோக நாடகம் எழுதினார். சீக்காய்ப் படுத்திருக்கும் பெண், பக்கத்தில் அவள் அம்மா, நடுவில் விளக்கு. அவ்வளவுதான் கதை. சாவு மேடைக்கு வராதாம். விளக்கு அணைந்தால் வந்துவிட்டது என்று அர்த்தமாம்.

"ஜனங்க அழணும்மா. அதுக்குத்தான் இவ்ளோ நாளா எழுதினேன்" என்றார்.

பெண் பொம்மையின் கயிறு அவரிடம், அம்மா பொம்மையின் கயிறு என் வீட்டுக்காரரிடம். சும்மா இருந்தது நான்தான். "ஊதிடறேன் சாமி" என்று தலையாட்டினேன்.

கொல்லையில் கறுப்புத் துணி கட்டினோம். தெருவே வந்து உட்கார்ந்தது. எதிர்வீட்டு முனியம்மாக்கா மூக்கைச் சிந்த ஆரம்பித்ததும் பீட்டர் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

விளக்குக்கு நேராகத் துணியில் போட்டிருந்த ஓட்டையில் வாயை வைத்தேன். ஊத வரவில்லை. அன்று வெள்ளிக்கிழமை வேறு. எரிகிற விளக்கை வாயால் ஊதுவதா? எங்கள் வீட்டில் பூவால்தான் குளிர வைப்போம். தலையிலிருந்த மல்லிகையைக் கிள்ளி, துணிக்கு மேலே கையை விட்டு இறக்கினேன். (பொம்மைகளுக்கு நடுவே என் கை யானைத் தும்பிக்கை மாதிரி தெரியும் என்று தோன்றவே இல்லை.) பதட்டத்தில் பூ நழுவி, பெண் பொம்மையின் நெற்றியில் விழுந்தது.

முனியம்மாக்கா எழுந்துவிட்டாள். "அம்மன் கைடி! பூ விழுந்துடுச்சு, உத்தரவு ஆயிடுச்சு! பொண்ணு பொழைச்சுக்கும்!"

"அரோகரா!" என்றது தெரு.

"கைய எடுடி" என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

"ஊதுங்கம்மா, ஊதுங்க!" பீட்டர் கெஞ்சினார்.

"உத்தரவு ஆயிடுச்சே சாமி, இனிமே எப்படி ஊதறது?" (நானே நம்பிவிட்டேன்.)

கூட்டம் கலையவில்லை. "பொண்ண எழுப்புங்க சார்!" என்று ஒரே சத்தம். பீட்டர் துணி இடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றை மெல்ல இழுத்தார். பெண் எழுந்து உட்கார்ந்தாள். அப்போது அழுதார்கள் பாருங்கள், ஒருத்தர் விடாமல்! பீட்டரும் அழுதார். எதற்கென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் ஊருக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கிரிவலத்தில் பார்த்தால் முனியம்மாக்கா இன்னமும் கேட்பாள்: "அந்தப் பொண்ணு எப்படி இருக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார்: "நல்லா இருக்குதுக்கா. போன மாசந்தான் ரெண்டாவது பிரசவம்."