மொட்டைமாடியில் மட்டும் நச்சுக்காற்று

"மேலேருந்து பாக்கறவங்க ஒண்ணு சொல்றாங்க, கீழேருந்து பாக்கறவங்க வேற சொல்றாங்க. யாரும்மா பொய் சொல்றது?"

மகள் சோ-தாம் ஐந்து வயதில் இப்படிக் கேட்டபோது ஓக்-ஜின் சிரித்தாள். இப்போது இயக்குநர் நாம்கூங் அதையே கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

உல்சான் நகரத்துக் காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற புகைவாயு எவ்வளவு என்று செயற்கைக்கோள் வானிலிருந்து சொல்லும். அது சரிதானா என்று அலுவலக மொட்டைமாடியிலுள்ள கருவி சூரியனைப் பார்த்துச் சொல்லும். திங்களன்று ஓக்-ஜின் குளிர்காலச் சோதனையைத் தொடங்கினாள். அன்றே கருவி செயற்கைக்கோளைவிட அதிகமாகக் காட்டியது.

"வெள்ளிக்குள்ள ரெண்டும் ஒத்துப்போகலேன்னா கருவியைக் கழட்டிடுவாங்க. உன் வேலையும் அதோட சரி," என்றார் நாம்கூங்.

செவ்வாயன்று மாடிப்படி உச்சியிலுள்ள அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, மேகம் மறைத்ததற்கான கணக்கைத் திருத்தினாள். வித்தியாசம் கூடியது. மறுநாள் பொழுது சாயும்வரை இருந்து, பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கழித்தாள். இன்னும் கூடியது. வியாழனன்று சாப்பிடக்கூட இறங்காமல் கருவியின் கண்ணாடியைத் துடைத்தாள். இரண்டு மடங்கானது.

"கணக்கு போடறியா, ஜெபம் பண்றியா?" என்றார் நாம்கூங்.

"ரெண்டும்தான் சார். ரெண்டுக்கும் பதில் வரல."

வெள்ளி மதியம் கருவியைக் கழற்றத் திருப்புளியோடு அதன் முன் உட்கார்ந்து அழுதேவிட்டாள். காவலாளி பியோ பதறிப்போய் ஓடிவந்தார்.

"அழாதீங்க டாக்டரம்மா. உள்ள வாங்க, குளிருது. மண்ணெண்ணெய் இன்னும் ரெண்டு டப்பா இருக்கு."

"மண்ணெண்ணெயா?"

"நீங்க உக்காரற அறையில ஹீட்டர் இல்லையே. பக்கத்து சாமான் அறையில பழைய அடுப்பு கிடந்துச்சு. நீங்க இருக்கற வரைக்கும் எரிய விடறேன். சுவரு சூடேறினா உங்களுக்கும் கொஞ்சம் கதகதப்பா இருக்கும்ல? பாவம், நாளுக்கு நாள் அதிக நேரம் இருக்கீங்க. நானும் அதிகமா எரிக்கறேன்."

ஓக்-ஜின் எட்டிப் பார்த்தாள். அடுப்பின் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே வந்து, கருவியின் கண்ணுக்கு நேர் கீழே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அணைச்சிடுங்க ஐயா," என்றாள் மெல்ல. "குளிர் விட்டுப்போச்சு."

அவர் அணைத்துவிட்டு, தேநீர் கொண்டுவருவதாகச் சொல்லிப் படியிறங்கினார். கைப்பேசியில் நாம்கூங் அழைத்தார்.

"காரணம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். பக்கத்துல அடுப்பு எரிஞ்சிருக்கு. செயற்கைக்கோள் சொன்னதுதான் சரி."

"அடுப்பா! மாடியில நெருப்பா! எந்த மடையன் செஞ்சது? பேரைச் சொல்லு, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!"

பியோவின் காலடிச் சத்தம் கீழே அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நான்தான் சார். ரொம்பக் குளிரா இருந்துச்சு."